கடைமடைச் சீமை – 9: மதுரையில் குடியிருந்த மாவட்டம்

பழைய சட்டத் தீர்ப்புத் தொகுதிகளில் விநோதமான ஒரு பதவிப் பெயர் அடிக்கடி கண்ணில் படும்: 'மதுரையிலிருக்கும் ராமநாதபுரம் மாவட்ட நீதிபதி'. அச்சுப் பிழை இல்லை. 1910இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் தலைமையிடம் மதுரைதான். கலெக்டர் கச்சேரியும் அங்கே, ஜில்லா கோர்ட்டும் அங்கே. ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் தம் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டுமென்றால், பாம்பனைத் தாண்டி, மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த ராமநாதபுரத்தையும் தாண்டி, பரமக்குடி, மானாமதுரை எல்லாம் கடந்து, கடைசியில் மாவட்ட எல்லையையே கடந்து அடுத்த மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். வழிநெடுக அவருக்குத் துணையாக வருவது வைகை. ஆனால் எதிர்த்திசையில்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதே இந்த இதழின் விஷயம். சென்ற இதழை ராமநாதபுரத்து மன்னர் கிழவன் சேதுபதி 1710இல் மறைந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து தொடர்வதற்கு முன்னால் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட வேண்டும். இந்தச் சீமையின் அரசியலில் பாதி அதன் சரிவில் இருக்கிறது.

சரிவு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் சிக்கலே. மதுரைக்குக் கிழக்கே நிலம் தட்டையாகி, கண்ணுக்குத் தெரியாத அளவில் கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகிறது. அணை கட்ட மலையில்லை, தேக்கிவைக்கப் பள்ளத்தாக்கில்லை. அரசு ஊழியர்களை மிரட்ட 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மேலதிகாரிகள் சொல்வது இந்தப் பகுதியை நினைத்துத்தான். ஆனால் மழைக் கணக்கைப் பார்த்தால் இது பாலைவனம் அல்ல. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில வாரத் தண்ணீரை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக இந்த மக்கள் கண்டுபிடித்த உபாயம் கண்மாய். மண்ணை வெட்டி, தாழ்வான பக்கத்தில் பிறை வடிவில் கரை போட்டு, மேலிருந்து வரும் நீரை மறிப்பது. நிறைந்ததும் கலுங்கு வழியாக வழிவது அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்தது. சங்கிலியின் கடைசிக் கண்மாய்க்கு அப்பால் உப்பளமும் கடலும்தான்.

இந்தக் கண்மாய்கள் சின்னக் குட்டைகள் அல்ல. இராசசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரே மூச்சில் நாரையால் குறுக்கே கடக்க முடியாத பரப்பு என்று பொருள். வைகையே ஒரு கண்மாயில்தான் போய் முடிகிறது. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் புகுந்து, மிச்சம் இருந்தால் மட்டும் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைத் தொடுகிறது. மேலே மதுரைக்காரன் மடை திறந்தால் கீழே இவனுக்குத் தண்ணீர் குறையும். அரசன், நவாபு, கும்பினி, கவர்னர், முதலமைச்சர் என்று ஆள்கிறவர்கள் மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

இனி கதைக்கு வருவோம். கிழவன் சேதுபதிக்குப் பின் வந்த வாரிசுச் சண்டையில் பவானி சங்கரத் தேவர் அரியணையைப் பிடித்துக்கொண்டார். அவரை இறக்கக் கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் தஞ்சை மராட்டியரிடம் படை கேட்டார்கள். உதவி கிடைத்தது, விலையும் இருந்தது. பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தைத் தஞ்சை எடுத்துக்கொண்டது. மீதியை ஐந்து பங்காக்கி, மூன்றைக் கட்டையத் தேவர் ராமநாதபுரத்திலும் இரண்டைச் சசிவர்ணத் தேவர் சிவகங்கையிலும் வைத்துக்கொண்டார்கள். 1730 வாக்கில் இது முடிந்தது. ஐரோப்பியர் தம் கடிதங்களில் ஒன்றைப் பெரிய மறவர் நாடு என்றும் மற்றதைச் சின்ன மறவர் நாடு என்றும் எழுதத் தொடங்கினார்கள். அன்று கோடு கிழித்தவர்களுக்கு இது ஒரு குடும்பப் பாகப்பிரிவினை, அவ்வளவுதான். இருநூற்று ஐம்பது வருஷம் கழித்து மாவட்டத்தைப் பிரித்த அதிகாரிகளும் கிட்டத்தட்ட அதே கோட்டின் மேல்தான் பேனாவை ஓட்டினார்கள்.

1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் சேர்ந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. சிறுவனாயிருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். அதே ஆண்டில் காளையார்கோவிலில் சிவகங்கையின் முத்துவடுகநாதர் விழுந்ததும், ராணி வேலு நாச்சியார் எட்டு ஆண்டு கழித்துச் சீமையை மீட்டதும் அனைவரும் அறிந்த கதை. அந்த நாச்சியார் ராமநாதபுரத்தில் பிறந்தவர் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே போகிறேன். 1780களின் தொடக்கத்தில் சேதுபதி விடுதலையாகித் திரும்பினார். அவருடைய பிரதானியாக இருந்தவர் முத்திருளப்பப் பிள்ளை. என் கணக்கில் இந்தச் சீமையின் வரலாற்றிலேயே மிகக் கெட்டிக்கார நிர்வாகி அவர்தான்.

அவர் யோசித்தது இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில் பெரியாறு என்ற ஆறு வருஷம் முழுக்கப் பெருகி, எந்த உழவனுக்கும் பயன்படாமல் மேற்கே அரபிக்கடலில் விழுகிறது. இந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், அந்த ஆற்றுக்கும் வைகையின் துணையாறுகளுக்கும் நடுவே நிற்பது ஒரு முகடு. அதை வெட்டித் திறந்தால் பெரியாறு கிழக்கே திரும்பி வைகையில் சேரும். வைகை நிறைந்தால் அதன் வாலில் இருக்கும் ராமநாதபுரத்துக் கண்மாய்களும் நிறையும். 1789இல் அந்தக் காட்டுக்குள் ஆளனுப்பிப் பார்வையிடச் செய்தார். முடியும் என்று தெரிந்தது. ஆனால் செலவு ராமநாதபுரத்துக் கஜானா தாங்குகிற செலவல்ல. திட்டம் அத்தோடு நின்றது.

தலைமடையில் இருக்கிறவனுக்கு இந்த யோசனை வந்திருக்காது. அவனுக்கு ஆற்றில் தண்ணீர் தெரிகிறது. நூற்றைம்பது மைலுக்கு அப்பால், காய்ந்த கண்மாய்க் கரையில் நின்றவனுக்குத்தான் மலைக்கு மறுபுறம் என்ன ஓடுகிறது என்று கேட்கத் தோன்றியது. நூற்று ஆறு வருஷம் கழித்து, 1895இல், பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து சுரங்கம் வழியாகப் பெரியாறு கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கு பச்சையானது. பேரணையிலிருந்து பிரிந்த கால்வாய் மேலூர் வட்டாரத்தை இருபோகமாக்கியது. எல்லாம் மதுரைப் பக்கம். பென்னிகுவிக்குக்கு ஊர் ஊராய்ச் சிலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். முத்திருளப்பப் பிள்ளையின் பெயரை மேலூர்ப் பக்கம் எத்தனை பேர் அறிவார்கள்? முதலில் நினைத்த சீமைக்கு அந்தத் திட்டத்தில் கிடைத்தது மேலே உள்ளவர்கள் பாய்ச்சியது போக மிஞ்சிய கசிவுதான்.

முத்துராமலிங்க சேதுபதிக்கும் கும்பினிக்கும் ஒத்துப்போகவில்லை. கப்பத் தொகை, நெசவாளர்களிடம் துணி வாங்கும் உரிமை, தானிய வர்த்தகம் என்று தகராறுகள் அடுக்கடுக்காக வந்தன. 1795இல் கும்பினியார் அவரைப் பதவியிறக்கிச் சிறையிலிட்டார்கள். சீமைக்கு அவர் திரும்பவே இல்லை. 1809இல் சென்னைக் கோட்டைக் காவலில் இறந்தார். கட்டபொம்மனுக்கும் மருதிருவருக்கும் முன்பே கும்பினியோடு மோதிய இந்த மன்னருக்குப் பொதுநினைவில் கிடைத்த இடம் மிகவும் சிறியது. தூக்குமேடையில் முடியாத வாழ்க்கை நாடகமாக்க வசதிப்படுவதில்லை போலும்.

சேதுபதி இல்லாத அரண்மனையில் அடுத்து உட்கார்ந்தது யார் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒரு கலெக்டர். பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ், அதாவது கப்பம், வசூலிப்பதற்கான கும்பினிக் கலெக்டர் ஜாக்சன் ராமநாதபுரத்தைத் தன் இருப்பிடமாக வைத்திருந்தார். 1798இல் கட்டபொம்மனைச் சந்திக்க வரச்சொல்லிவிட்டு, குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி என்று ஊர் ஊராக அலையவைத்து, செப்டம்பர் 10ஆம் தேதி ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில்தான் பேட்டி கொடுத்தார். உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்தே விசாரித்ததும், வெளியேறும்போது கைகலப்பு மூண்டு லெப்டினண்ட் கிளார்க் கொல்லப்பட்டதும், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டதும் வேறொரு சீமையின் வரலாற்றில் விரிவாக வரும். விசாரணைக்குப் பின் ஜாக்சன் பதவி இழந்தார், லூஷிங்டன் வந்தார். நமக்கு இங்கே தேவையான செய்தி இதுதான்: ராமநாதபுரம் என்று ஒரு மாவட்டமே இல்லாத காலத்தில் ராமநாதபுரத்தில் கலெக்டர் இருந்தார். மாவட்டம் வந்தபோது கலெக்டர் மதுரையில் இருந்தார்.

1801இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டு எதிர்ப்பை அடக்கிய கையோடு, 1803இல் கும்பினி நிரந்தர வரித்திட்டத்தைக் கொண்டுவந்தது. ராமநாதபுரம் இனி நாடு அல்ல, ஜமீன். முதல் சனதைப் பெற்றவர் முத்துராமலிங்க சேதுபதியின் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியார். ஆண்டுதோறும் குறித்த தொகையைக் கட்டிவிட்டால் மற்றதைக் கும்பினி கேட்காது. சேதுபதிகளிடம் படை போயிற்று, காவல் அதிகாரம் போயிற்று, கடற்சுங்கம் போயிற்று. மிச்சம் இருந்தது நிலவரி. அந்த நிலவரியும் கண்மாயை நம்பி, கண்மாய் மழையை நம்பி, மழை யாரையும் நம்பாமல். அரசன் என்ற பெயருக்குரிய செலவுகள், கோவில் கட்டளைகள், புலவர் கொடைகள் மட்டும் அப்படியே தொடர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜமீன்களின் கடன்கதைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

மேலே மேற்பார்வைக்கு மதுரை மாவட்டக் கலெக்டர். அந்த உறவு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வழக்கின் தலைப்பே சாட்சி: 'மதுரைக் கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி'. (இவர் முன்னே சொன்னவர் அல்லர்; பெயர்கள் இந்த வம்சத்தில் திரும்பத் திரும்ப வரும்.) ஆண் வாரிசில்லாமல் கணவரை இழந்த ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், கணவரின் பங்காளிகள் சம்மதத்தோடு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதியில்லாமல் எடுத்த தத்து செல்லாது, ஆகவே ஜமீன் சர்க்காருக்கே சேரும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு 1868இல் ராணிக்குச் சாதகமாக முடிந்தது. சாஸ்திர நூல் என்ன சொல்கிறது என்பதைவிட, தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் மேலானது என்று அந்தத் தீர்ப்பு நிறுவியது. இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் இன்றும் 'ராம்நாடு கேஸ்' பாடம். மாமல்லபுரத்தையும் தஞ்சையையும் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம். ராமநாதபுரத்தைப் பார்க்காமல் வக்கீலாக முடியாது.

அந்தத் தத்துப் பிள்ளையின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டியவர்களில் ஒருவர். 1897 ஜனவரி 26இல் அவர் பாம்பனில் கால்வைத்தபோது வரவேற்றவரும் இவரே. வள்ளல் என்ற பெயரும் கடனும் சேர்ந்தே வளர்ந்தன. இவருடைய உறவினர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ராமநாதபுரத்து ஜமீன் குடும்பம், ராமநாதபுரத்துப் புலவர் மரபு. ஆனால் சங்கம் அமைந்தது மதுரையில். சங்கம் என்றால் மதுரை என்ற பழம்பெருமை ஒரு காரணம். ரயிலும் அச்சுக்கூடமும் ஆட்களும் அங்கே இருந்தது இன்னொரு காரணம். பின்னால் கலெக்டர் அலுவலகம் அங்கே போனதற்கும் இந்த இரண்டாவது காரணம் பொருந்தும்.

பாஸ்கர சேதுபதியின் காலத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து ஜமீன் தரப்பு வழக்குத் தொடுத்தது. அதுவும் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. ராணியின் தத்து வழக்கில் ஒரு பெண்ணுக்கு உரிமை தந்த 'வழக்கம்' என்ற வாதம், இங்கே ஒரு சமூகத்துக்குக் கதவைச் சாத்தியது. இடையில் 1899இல் சிவகாசிக் கலவரம். சிவகாசி அன்று திருநெல்வேலி மாவட்டத்தில், அதன் வடகோடியில் இருந்தது. கமுதி மதுரை மாவட்டத்தின் தென்கோடியில். பதற்றம் பரவிய கிராமங்களோ இரண்டுக்கும் நடுவே.

மதுரை மாவட்டம் அப்போது கொடைக்கானலிலிருந்து ராமேஸ்வரம் வரை நீண்டு கிடந்தது. திருநெல்வேலி மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஏறியிருந்தது. இரண்டும் ஒரு கலெக்டரின் கைக்கு அடங்காத அளவு. எனவே 1910இல் இரண்டிலிருந்தும் வெட்டியெடுத்து மூன்றாவதாக ஒரு மாவட்டம் அமைத்தார்கள். மதுரையிலிருந்து ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் பகுதிகள். திருநெல்வேலியிலிருந்து சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள். முதல் கலெக்டர் ஜே.எஃப். பிரயண்ட். பெயர் 'ராம்நாடு'.

வரைபடத்தில் பார்த்தால் இந்த மாவட்டம் மதுரையின் கழுத்தில் போட்ட துண்டு மாதிரி இருக்கும். மேற்கு முனை ராஜபாளையத்துக்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலையில். கிழக்கு முனை தனுஷ்கோடி மணலில். சுமார் 12,500 சதுர கிலோமீட்டர். நடுவில் கரிசல் பருத்திக்காடு, செட்டிநாட்டு மாளிகைகள், தீப்பெட்டியும் பட்டாசும் செய்யத் தொடங்கவிருந்த சிவகாசி, முத்தும் சங்கும் எடுத்த கீழக்கரை, பனங்காடு. காரைக்குடிக்காரருக்கும் ராஜபாளையத்துக்காரருக்கும் பாம்பன் மீனவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: அவரவர் ஊரிலிருந்து கிளம்பும் சாலை மதுரைக்குப் போகும். 1902இல் மண்டபம் வரை போட்ட ரயில் பாதையும் மதுரையிலிருந்தே வந்தது. பிறகு 1914இல் பாம்பன் பாலம் திறந்து கொழும்புக்கே ரயில்-கப்பல் பயணம் வழக்கமானபோதும், ராமநாதபுரம் நிலையம் வழியில் நின்று போகும் ஊராகத்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ராமநாதபுரம் வர வேண்டுமானாலும் மதுரையைத் தொட்டுத்தான் வர வேண்டும். கச்சேரியை மதுரையில் வைத்தது அதிகார ஆணவத்தால் என்று சொல்லிவிட முடியாது. கோணல், மாவட்டத்தின் உருவத்திலேயே இருந்தது.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தது கிழக்குப் பகுதி. அலுவலர் வீடுகள், பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனை என்று ஒரு மாவட்டத் தலைநகரோடு வந்து சேரும் அத்தனையும் மதுரையில் ஏற்கெனவே இருந்தன. ராமநாதபுரத்துக்கு அவை தனியாக வர வேண்டிய அவசியம் நேரவில்லை. விருதுநகரும் சிவகாசியும் காரைக்குடியும் தம் வியாபாரத்தால் தாமே எழுந்தன. கண்மாயை மட்டும் நம்பிய முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, திருவாடானைப் பக்கம் அந்த வாய்ப்பில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் தொண்டியிலும் பாம்பனிலும் தோணியேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்துக் குடிகள். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்த அவர்களைப் பற்றி ஐந்தாம் பகுதியில் எழுதியிருந்தேன்.

அரசியல் மாறியது. 1937 சட்டசபைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் சேதுபதியே நின்றார்; எதிர்த்து நின்று வென்றவர் முத்துராமலிங்கத் தேவர். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு ராமநாதபுரம் எஸ்டேட்டை அரசு ஏற்றது. 1957 செப்டம்பரில் கலெக்டர் முதுகுளத்தூருக்கு வந்து அமைதிக் கூட்டம் நடத்தினார். மறுநாள், 11ஆம் தேதி இரவு, பரமக்குடியில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அதன் முன்னும் பின்னும் நடந்தவற்றை இரண்டு வரியில் சொல்வது நியாயமாகாது. தனிப் பகுதியாக எழுதுகிறேன்.

ஜமீன் போனதில் அதிகம் பேசப்படாத விளைவு கண்மாய்க்கு நேர்ந்தது. அதுவரை ஒரு கண்மாய்க்கு ஜமீன் என்ற சொந்தக்காரர் இருந்தார், ஊரே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து என்ற பழைய கடமை இருந்தது, மடை திறக்க நீர்பாய்ச்சி இருந்தார். ஜமீன் நிர்வாகம் நன்றாகப் பார்த்துக்கொண்டது என்று நான் சொல்ல மாட்டேன். பல இடங்களில் வாரத்தை வாங்கியதோடு சரி. 1949க்குப் பிறகு பெரிய கண்மாய்கள் பொதுப்பணித்துறைக்கும் சின்னவை பஞ்சாயத்து யூனியனுக்கும் பிரிந்தன. ஆனால் கண்மாய்கள் ஒரே சங்கிலி. மேல்கண்மாய் ஒரு இலாகா, அதன் கலுங்குத் தண்ணீர் போய்ச் சேரும் கீழ்க்கண்மாய் வேறொரு இலாகா, இடையிலுள்ள வரத்துக்கால் யாருக்கும் இல்லை. விறகுக்கு ஆகும் என்று விதைத்த சீமைக்கருவேலம் அந்தக் கால்களில்தான் முதலில் அடர்ந்தது. பிறகு அதையே வெட்டிக் கரி மூட்டம் போடுவது கமுதி, கடலாடிப் பக்கம் ஒரு தொழிலாயிற்று. 1959இல் வைகை அணை திறந்தபோது மேலே இன்னொரு கதவு சேர்ந்தது. அதற்குப் பின் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது ஆற்றைப் பார்த்துச் சொல்லும் செய்தியாக இல்லாமல், அரசாணையைப் பார்த்துச் சொல்லும் செய்தியானது.

1985 மார்ச் 15இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மாவட்டம் மூன்றானது. மேற்கே காமராஜர் மாவட்டம், வடக்கே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், கிழக்கே மிஞ்சியது ராமநாதபுரம். 1997இல் தலைவர்கள் பெயர் தாங்கிய மாவட்டங்கள் எல்லாம் ஊர்ப் பெயருக்குத் திரும்பியபோது அவை விருதுநகர், சிவகங்கை ஆயின. பிரிவினையோடு கலெக்டர் கச்சேரி ஒருவழியாக ராமநாதபுரத்துக்கு வந்தது. வந்தபோது தொழிற்சாலை உள்ள ஊர்கள் ஒரு பக்கம் போயிருந்தன, செட்டிநாட்டு மூலதனம் இன்னொரு பக்கம் போயிருந்தது. புதிய கலெக்டரின் பொறுப்பில் இருந்தவை நாலாயிரம் சதுர கிலோமீட்டர் சொச்சம் கண்மாய்ப் பூமியும், தமிழகக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீளமான கரையும், ராமேஸ்வரத் தீவும், மன்னார் வளைகுடாவின் தீவுகளில் பெரும்பாலானவையும். வரி வருமானத்தில் ஏழை, கடலில் பணக்காரன்.

அந்தக் கடலைப் பற்றி அடுத்த இதழில். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததிலிருந்து தொடங்காமல், அதற்கு ஐம்பது வருஷத்துக்கும் முன்னால், பாம்பன் கால்வாயில் முதல் தூணை நட்ட பொறியாளர்கள் பவளப்பாறையோடும் நீரோட்டத்தோடும் மல்லுக்கட்டியதிலிருந்து தொடங்குவோம்.